ஆண்கள் நட்சத்திரம்

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில்
சதுர ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும்.
நாலு ஜோடி, நாலு பக்கம்,
நடுவில் யாருமில்லாத சிவப்புத் தரை.
வாசிக்க நாங்கள் மூன்று பேர்:
அக்கார்டியன் சுகிர்தராஜ்,
ஓட்டேரியிலிருந்து டிரம்மைத்
தன் ஆட்டோவிலேயே ஏற்றிவரும் தயாளன்,
ஞாயிறு காலை ராயபுரம் கோயிலில்
இதே வயலினை அடக்கமாக வாசிக்கும் நான்.

ஆட்டம் சொல்பவர் நோரீன் ரொசாரியோ.
முப்பது வருஷம் கன்ட்ரோல் ரூமில்
சரக்கு வண்டிகளை லைன் மாற்றிவிட்ட குரல்.
அடுத்த அடி எதுவென்று
அவர் சொல்லும்வரை ஆடுகிறவருக்குத் தெரியாது.
எங்களுக்கும்தான்.
இந்த டிசம்பரில் அயனாவரத்துப் பசங்களும்
மனைவியரோடு வந்துவிட்டதால்
இங்கிலீஷைப் பாதி வழியில் இறக்கிவிட்டு,

'எதிர் வூட்டைப் பாரு, கும்பிடு போடு,
வலது கை குடு, இடது கை வுடு,
அவளைத் தாண்டி இவளைப் புடி,
இன்னா மேன், உன் பொண்டாட்டி அந்தாண்ட!'

இரண்டாவது சதுரத்தில்
ட்ரெவரும் லெஸ்லியும் எதிரெதிரே நின்றார்கள்.
அண்ணன் தம்பி.
ஒரே சம்ப், ஒரே மோட்டார்,
பாரிமுனை கோர்ட்டில் ஏழு வருஷக் கேஸ்.
யார் அங்கே நிறுத்தினார்களோ.
மனைவிமார் சிரித்தபடி கைமாறினார்கள்,
கேஸ் அவர்கள் பேரில் இல்லை.

நட்சத்திரம் என்று ஓர் அடி உண்டு.
நாலு பேர் நடுவுக்கு வந்து
வலது கைகளை ஒன்றாகக் கோத்துச் சுற்ற வேண்டும்.
பெண்களுக்கு ஒரு முறை, ஆண்களுக்கு ஒரு முறை,
எட்டெட்டு மாத்திரை.
அன்றைக்கு நோரீன்
பெண்களையே இரண்டு முறை அனுப்பினார்.
அடுத்த பாட்டில், ஆண்களின் முறை வந்ததும்
'ஜோடியோட உலாத்து' என்றார்.
அதற்கடுத்ததிலும் அதேதான்.
சுகிர்தராஜ் என்னைப் பார்த்தான்.
நான் வில்லைப் பார்த்தேன்.
மெட்டில் ஒன்றும் குறையவில்லை.
ஆனாலும் பல் விழுந்த இடத்தைத் தேடும் நாக்குபோல
விரல் அங்கேயே போய்ப் போய் நின்றது.

ஒன்பதேகாலுக்குக் கரன்ட் போனது.
மைக் செத்தது. ஃபேன் தேய்ந்து தேய்ந்து நின்றது.
ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான்.
வயலினுக்கு எதற்குக் கரன்ட்?
தயாளன் நிறுத்தவில்லை, அதனால் நானும்.
லோக்கோ பக்கம் ஓர் எஞ்சின் ஹாரன் அடித்தது,
எங்கள் சுருதிக்கு அரைக்கட்டை கீழே.
ஆடுகிறவர்கள் தயங்கிய அந்த நொடியில்
வெறும் தொண்டையில் நோரீனின் குரல்.
ரொம்பச் சின்னக் குரல், பிசிறடித்தது.

'ஆம்பளைங்க நாலு பேர். நடுவுக்கு. நட்சத்திரம்.'

எட்டு மாத்திரை.
கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்,
திறந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது.
இரண்டாவது சதுரத்திலிருந்து
ஷூ தேயும் சத்தம், எட்டுக் கால்களுடையது,
தாளம் விடவில்லை.
ஐந்தாவது மாத்திரையில்
மோதிரம் இடித்து யாரோ 'ஸாரி' என்றார்.
அண்ணனா, தம்பியா,
அந்த அயனாவரத்துப் பையனா.

லைட் வந்தபோது
எல்லோரும் அவரவர் மூலையில்.
ட்ரெவர் உள்ளங்கையைக்
கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.
வியர்வையாகவும் இருக்கலாம்.
நோரீன் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.
'ஹலோ, ஹலோ. எங்க வுட்டோம்?'
யாரிடம் கேட்டார் என்று புரியாமல்
நான் வில்லுக்கு ரோசின் தடவினேன்.