மேற்கோள்கள்: 216

கௌரவப் பேராசிரியர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்
கிராசியானோ இருரேத்தா, பைசாந்தூ மாவட்ட மருத்துவமனை,
இரைப்பை குடல் அறுவைசிகிச்சை.
மதிப்பீட்டாளர்: நான்.
மோந்தேவீதேயோவில் ஆகஸ்ட் மழை.
மாத்தேக் குடுவையில் இலை ஊறி ஊறிச் சப்பென்று ஆகிவிட்டது.

கணினிக்கு அவர் மூன்று ஆள்.
இருரேத்தா ஒருவர்.
தாய்வழிப் பெயரும் சேர்ந்த இருரேத்தா பெங்கோவா இன்னொருவர்.
எவனோ அச்சுக்கோத்தவன் பெற்றுப்போட்ட
உர்ரேத்தா மூன்றாமவர்.
அறுந்த குடலின் முனைகளைச் சேர்ப்பதுபோல
இழுக்காமல், முறுக்காமல்
மூவரையும் ஒருவராகத் தைத்தேன்.
கட்டுரைகள் எழுபத்து மூன்று.
ஹெச் குறியீடு பதினொன்று.
எங்கள் துறையில் முப்பது வயதுப் பையன்கள்
இதைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.
1987. ஒன்பது பக்கம். மேற்கோள்கள் 216.

நாயைத் தடவிய கை,
கை பிட்ட ரொட்டி,
ரொட்டியோடு இறங்கிய புழுமுட்டை.
பத்து வருடம் கழித்து
ஆட்டுக்காரன் கல்லீரலில்
ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு நீர்ப்பை.
அதைத் திறந்து, துடைத்து,
குழிக்குள் ஒரு குழாயைப் பத்து நாள் விட்டு வையுங்கள்
என்று எழுதினார் இருரேத்தா.
நாடு முழுக்க விட்டு வைத்தோம்.
நானும்தான்.

2004இல் நான் எழுதினேன்: குழாய் வேண்டாம்.
குழாய் வழியே வெளியே வருவதைவிட
உள்ளே போவதுதான் அதிகம்.

அதற்கு முன் அவரைச் சொன்னவர்கள் நாற்பது பேர்.
அதற்குப் பின் நூற்று எழுபத்தாறு:
‘இருரேத்தா கருதியதற்கு மாறாக’,
‘இருரேத்தாவின் பழைய முறையைக் கைவிட்டு’.
அங்காராவில், துனிஸில், சிராஸில்
பிழைக்கு உதாரணம் வேண்டும்போதெல்லாம்
அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.
மேற்கோளுக்குள் கோளும் இருக்கிறது.
எண்ணும் இயந்திரத்துக்கு
மாலையும் செருப்பும் ஒரே எடை.

இனி நான் சொல்ல வேண்டியது
எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை.

என் கட்டுரையில் நூற்று எண்பது நோயாளிகள்.
அதில் தொண்ணூற்று நான்கு பேர் என்னுடையவர்கள் அல்ல.
2002 குளிர்காலத்தில், கேட்டு ஒரு வாரத்துக்குள்,
பைசாந்தூ பேருந்தில் இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன.
சணல் கயிறு. ஈரம் பட்ட மூலைகள்.
அவருடைய வார்டு பதிவேடுகள்.
மேலே ஒரு மருந்துச்சீட்டில்:
‘டாக்டர் சிலவேய்ரா,
வேலை முடிந்ததும் இவை எனக்குத் திரும்ப வேண்டும்.
61ஆம் எண் காய்ச்சலை அன்று குறைத்து எழுதிவிட்டேன்.
முப்பத்தெட்டு அல்ல, முப்பத்தொன்பதரை.
திருத்திக்கொள்ளுங்கள்.’

திருத்திக்கொண்டேன்.
அந்த ஒன்றரை டிகிரியைச் சேர்த்த பிறகுதான்
என் கணக்கு நிமிர்ந்து நின்றது.

நன்றியுரையில்
புள்ளியியல் நிபுணர், தட்டச்சு செய்த பெண்,
நிதி தந்த அறக்கட்டளை.
இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
இதோ அந்தப் பக்கம், 311.
கீழே நான்கு வரி வெள்ளையாகக் கிடக்கிறது.

அவர் கேட்கவில்லை.
மாநாட்டில் ஒருமுறை உணவு வரிசையில் பார்த்தபோது
‘பதிவேடுகள்?’ என்றார்.
‘அடுத்த மாதம்’ என்றேன்.
எத்தனையோ அடுத்த மாதங்கள்.
பெட்டிகள் என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன,
கயிறு மட்டும் புதிது.

படிவத்தின் கடைசிக் கேள்வி,
எப்போதும் படிக்காமலே ‘இல்லை’ போடும் கேள்வி:
விண்ணப்பதாரருடன் உங்களுக்கு
நலன் சார்ந்த முரண்பாடு உண்டா?

உண்டு.

‘உண்டு எனில் விளக்குக’ என்று மூன்று வரி விட்டிருக்கிறார்கள்.
மூன்றாவது வரியில் காய்ச்சல் வரைக்கும்தான் வந்திருக்கிறேன்.
செயலரிடம் இன்னொரு தாள் கேட்டிருக்கிறேன்.