பதினொரு பக்கக் கோட்டை

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடி.
ஞாயிறு பின்னேரம், நாலு பேர்,
ஒரு பிளாஸ்ரிக் மேசை,
அதன் குட்டைக் காலுக்குக் கீழே மடித்த மட்டை.

இருபது முகப் பகடை ஒன்றே ஒன்று,
எமில்டாவின் மச்சான் கனடாவிலிருந்து கொண்டுவந்தது.
எனக்கு மறைப்பாக
விரித்து நிறுத்திய கலியாண அழைப்பிதழ்,
யாருடையதோ. மணமகள் பெயர் என் பக்கம்.
அதற்குப் பின்னால் வைத்திருந்தேன்
பதினொரு பக்கக் கோட்டை.

அகழியில் முதலை எத்தனை,
தளபதியின் இடது கண் எப்படிப் போனது,
மூன்றாம் வாசலில் அவன் பேசப்போகும் வசனம்
(குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருந்தேன்),
துரோகம், கண்ணீர், விடியல்.

அவர்கள் ஆற்றங்கரைக்கு வந்தார்கள்.
அக்கரையில் கோட்டை என்றேன்,
குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

"இந்தக் கரையில என்ன இருக்கு?" என்றான் கஜவதனன்.

ஒண்டுமில்லை. ஒரு படகுக்காரன். ஒரு மரம்.

"என்ன மரம்?"

யோசிக்காமல் பூவரசு என்றேன்.
அங்கேதான் பிழைத்தது.
பூவரசென்றால் நிழல் என்றாள் தாரகை.
நிழலென்றால் ஆட்கள் நிற்பார்கள்,
ஆட்கள் நின்றால் பிளேன்ரீ விற்கலாம்.
வாள்வீரனும் மந்திரக்காரியும்
துறையடியில் தேத்தண்ணிக் கடை போட
வாடகை பேசத் தொடங்கினார்கள்.

அரை மணித்தியாலம்.
சீனி என்ன விலை, விறகு எங்கே,
படகுக்காரனை நம்பிக் கடன் கொடுக்கலாமா.
கோட்டை என் மடியில் ஆறிக்கொண்டிருந்தது.

பொறுக்கேலாமல் சொன்னேன்:
இனி இஞ்ச நிக்கேலாது.
பின்னால காட்டுப்பாதை மூடியாச்சு.
முன்னுக்கு மட்டும்தான் போகலாம்.

எமில்டா பென்சிலைக் கீழே வைத்தாள்.
"ஆர் மூடினது?"

அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

"பாதை மூடியிருக்கெண்டு கேட்டுக் கேட்டுத்தான்
எங்கட அம்மா ஆக்கள் வளந்தவை.
விளையாட்டிலயும் உதைத்தான் சொல்லப்போறியோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
கஜவதனன் தன் பங்குக்கு,
"கதை நடத்திறவன் எண்டால் நீ கொண்டக்டர்.
மணியை அடி. ஸ்டியரிங்கைத் தொடாதை."

போன கிழமை இவன் செத்திருக்க வேண்டியவன்.
அழைப்பிதழுக்குப் பின்னால்
எதிரிக்கு இருபது விழுந்தது.
நான் ஒன்பது என்றேன்.
அன்பென்றுதான் நினைத்துக்கொண்டேன்.
அதுவும் ஒரு மூடின பாதை,
பொன்னெழுத்தும் குத்துவிளக்குப் படமும் போட்டு மூடினது.

அதற்காக
நீங்களே சொல்லுங்கோ, எங்கேயும் போகலாம் என்று
அவிழ்த்துவிட்டுப் பார்த்த கிழமையும் உண்டு.
ஆளாளுக்குப் போனைப் பார்த்தார்கள்.
வேலியில்லாத வெட்டையில்
மாடு நின்ற இடத்திலேயே நின்றது.

கீழே கொப்பி மெசின் ஒருமுறை இழுத்து நின்றது.
கரண்ட் போய்விட்டது.
இருட்டுக்குள் எனக்கு ஒன்று தோன்றியது:
கோட்டைக்கு இவர்கள் வராவிட்டால் என்ன,
கோட்டையில் இருப்பவனுக்குத்
தாகம் எடுக்காதா?

சரி, என்றேன். கடை திறந்து மூன்றாம் நாள்.
அக்கரையிலிருந்து ஒருத்தன் படகில் வாறான்.
தனிய. இடது கண் இல்லை.
வாங்கில இருக்கிறான்.

குளியலறையில் பழகிய வசனம்
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன்.
"ஒரு பிளேன்ரீ," என்றான் தளபதி,
"சீனி குறைச்சு."

யாரும் மூச்சுவிடவில்லை.
தாரகை மெல்ல,
"ஐயாவுக்குக் கண்ணில என்ன நடந்தது?"

இரண்டரைப் பக்கம் எழுதி வைத்த கண்.
சொல்லுவானா மாட்டானா
எனக்கே தெரியவில்லை, முதல் தடவையாக.
அழைப்பிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.
எறி, என்றேன், எல்லாருக்கும் முன்னால.

பகடை குட்டைக் கால் பக்கம் உருண்டு
விளிம்பில் ஒருகணம் தயங்கி
விழுந்தது.

நாலு போன் வெளிச்சம் மேசைக்குக் கீழே.
தூசி, செருப்பு, யாரோ தொலைத்த பேனாமூடி.
"இந்தா கிடக்கு" என்று கை நீட்டினேன்.

"தொடாதை," என்றாள் எமில்டா.
"கிடக்கிற இடத்தில வச்சே பாப்பம்."