ஓடு

ஊத்துப் பிரிவில் டெம்போ நின்றுபோன அன்று
மெக்கானிக்குக் கொடுக்கக் காசில்லாமல்
டிரைவர் பதினொரு கோழிகளை எனக்கு விற்றான்.
தலைக்கு அறுபது ரூபாய்.
‘பண்ணையில கழிச்சு விட்டது அக்கா, முட்டை ஓஞ்சிருச்சு.
குழம்புக்குத்தான் ஆகும், நாலு விசில் கூட விடுங்க.’

வீட்டுப் பின்னால் காபிச் செடியடியில்
கிரேட்டைத் திறந்து வைத்தேன்.
ஒன்றும் வெளியே வரவில்லை.
சாய்த்துத்தான் இறக்கினேன்.
விழுந்த இடத்திலேயே நின்றன,
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு,
இல்லாத கம்பிக்கு இடம் விட்டு.

மண்ணில் ஒருநாளும் தேயாத நகம்
சுருண்டு வளர்ந்திருந்தது.
மூக்கு நுனியைக் குஞ்சிலேயே சுட்டிருந்தார்கள்.
கழுத்தில் இறகில்லை.
பண்ணைக்காட்டு மார்கழி
அந்தக் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழியில் வைத்தேன்.
ஒவ்வொன்றாக விழுந்தது.
வீட்டுக்காரர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:
‘காசு கொடுத்து இம்சை வாங்கியிருக்கே.’

மூன்றாம் நாள்
ஒரு படி உயரத்திலிருந்து குதித்த கோழிக்குக்
கால் முறிந்தது.
ஒரே ஒரு படி.
கால்நடை ஆஸ்பத்திரி ஜெபராணி வந்து
எலும்பைத் தடவிப் பார்த்தாள்.
‘வருசத்துக்கு முந்நூறு முட்டை.
முந்நூறு ஓட்டுக்கும் சுண்ணாம்பு எங்க போகும்?
தீவனம் பத்தாதப்ப
எலும்பைக் கரைச்சுக் குடுத்திருக்கு.’
பையை மூடினாள். பிறகு
வலிக்காமல் முடிக்கும் விதத்தைக் காட்டித் தந்தாள்.
முந்தானையால் அதன் கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன்.
குழம்பு வைக்கவில்லை.
வைக்கக் கூடாதென்று ஒன்றுமில்லை,
அன்றைக்குக் கை வரவில்லை.

சொல்லாமல் விட்டது ஒன்று:
நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள்.
தினம் எண்பத்திரண்டு முட்டை.
அட்டையில் வரும், முத்திரையோடு,
ஒரே அளவு, ஒரே வெள்ளை.
இருபது வருசமாக உரிக்கிறேன்.
மறுநாள் உரிக்கும்போது
ஓடு நகக்கண்ணில் ஏறியது.
எது எந்தக் கோழியின் கால்?

வரிசையின் கடைசியில் தருண்பாண்டி தட்டோடு நின்றான்.
நேற்று மத்தியானத்துக்குப் பிறகு
அவன் வயிற்றுக்குள் போகும் முதல் பொருள் இது.
அவனிடம் என்ன சொல்ல?
மஞ்சள் கரு உடையாமல் வைத்தேன்.
‘இன்னொன்னு இருக்கா டீச்சர்?’
நான் டீச்சர் இல்லை. இருந்தது. வைத்தேன்.

குப்பைக்குப் போகிற ஓட்டை அன்றிலிருந்து
வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.
வறுத்து, அம்மியில் நுணுக்கி,
தவிட்டோடு பிசைந்து வைத்தால்
கொத்தித் தீர்க்கின்றன, மொட்டை மூக்கால்,
பாதி சிந்தி.
கடனை அடைக்கிறேன் என்று நினைக்கவில்லை.
எண்பத்திரண்டில் எடுத்ததை
பத்துக்குத் தருவது என்ன கணக்கு.

பத்தும் நிலைக்கவில்லை.
மரநாய் இரண்டைக் கொண்டுபோனது.
கூண்டில் இருந்திருந்தால் போயிருக்காது;
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.
பட்டிவீரன்பட்டியில் கம்பிவலை வாங்கினேன்.
‘கூண்டுக்கா?’ என்றார் கடைக்காரர்.
‘ராத்திரிக்கு மட்டும்’ என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.

மாசி வெயிலில் ஒருநாள்
அடுப்புச் சாம்பல் கொட்டிய குழியில்
ஒன்று பக்கவாட்டில் சரிந்து,
இறக்கை ஒருபுறம், கால் ஒருபுறம்,
கண் பாதி மூடிக் கிடந்தது.
செத்துவிட்டதென்று ஓடினேன்.
எழுந்து, மொத்தச் சாம்பலையும்
என் சேலைமேல் உதறிவிட்டு,
என்ன என்பதுபோல் பார்த்தது.
புழுதியில் குளிக்க அதற்கு யார் காட்டினார்கள்?
கம்பிக்குள் ஒன்றரை வருசம்
அந்தக் குளியலை எங்கே வைத்திருந்தது?

ஓய்ந்ததென்று டிரைவர் சொன்னதும் பொய்.
வாரத்துக்கு ஏழெட்டுக் கிடைக்கிறது.
ஒன்று கோணல், ஒன்று சொரசொரப்பு.
லாட்ஜ்காரர் உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்து
சைஸ் சேரவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.
வீட்டுக்காரர் தின்கிறார், இம்சை என்றவர்,
மிளகுத்தூள் போட்டு.

இப்போது மணி ஆறு.
பனி காபிச் செடிவரை வந்துவிட்டது.
ஏழு கோழி கழியில் ஏறிவிட்டன,
தாமாகவே.
எட்டாவது சில்வர் ஓக் சருகைக்
கிளறிக்கொண்டிருக்கிறது இன்னும்.
கை விறைக்கிறது.
தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்கிறேன்,
அது முடிக்கட்டும்.