தம்பி எடுத்த பொய்ப்படம்

தம்பெரேயில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
பழைய ரயில் கிடங்கை மாற்றிக் கட்டிய அரங்கில்
எண்பது நாற்காலி, பத்தொன்பது பேர்.
அதில் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

என் தம்பி அஹ்தியின் முதல் படம்.
ஆவணப்படம் போலவே இருக்கும், அத்தனையும் புனைவு
என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தான்,
வாசலில் நிற்கும் விருந்தாளியிடம்
நாய் கடிக்காது என்று முந்திக்கொண்டு சொல்கிறவனைப் போல.

கதை இதுதான்.
ஏரிக்கரைக் கோடை வீட்டை விற்பதா வேண்டாமா என்று
ஒரு குடும்பம் அடித்துக்கொள்கிறது.
கேமரா வேண்டுமென்றே நடுங்குகிறது.
சண்டைக்கு முன்னாலேயே நடுங்கத் தொடங்கிவிடுவதால்
சண்டை வரப்போவது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.
வசனம் முடிந்ததும் ஒவ்வொரு முறையும்
யாராவது ஒருவர் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறார்,
பார்த்தாயா இந்தக் கூத்தை, என்று.
எங்கள் வீட்டில் அப்படித் திரும்பிப் பார்க்க
யாரும் இருந்ததில்லை.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே
யாருக்காவது எலும்பு முறிந்தால்தான்.

அக்காவாக நடித்தவள் என்னைவிட ஒல்லி.
எதற்கெடுத்தாலும் கதவை அறைந்து சாத்துகிறாள்.
நான் கதவை அறைந்ததில்லை, அஹ்தி.
மெதுவாகச் சாத்திவிட்டு
பதினோரு வருடம் திறக்காமல் இருந்தேன்.
அதை எப்படிப் படமாக்குவது என்று
உனக்குத் தெரிந்திருக்காது,
போகட்டும்.

அப்பாவாக வருகிறவர் ஹெல்சிங்கி நாடக நடிகர். நல்ல குரல்.
எழுபத்தோராவது நிமிடத்தில்
நீராவி அறையில், இடுப்பில் துண்டோடு,
"உங்களுக்கு நான் சரியான அப்பனாக இல்லை" என்கிறார்.
அந்த இடத்தில் மட்டும் கேமரா நடுங்கவில்லை.
பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.
எனக்குப் பசித்தது.

நீராவி அறையில் அப்பா பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்:
"இன்னும் தண்ணீர் ஊற்றட்டுமா?"
நாங்கள் "ம்" என்போம்.
அவர் சாகிறவரை அப்படியே போயிற்று.
அந்த "ம்"முக்குள் என்ன இருந்தது என்று
உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.
பெரிதாக ஒன்றுமில்லை.
தண்ணீர் ஊற்றச் சொன்னோம்.

படத்தில் உண்மை ஒன்றே ஒன்றுதான்:
அடுப்படி மேடையில், ஜன்னலோரம்,
என் நீல பிளாஸ்க்.
அடியில் நசுங்கல், டிராம் பணிமனையில் நான் கீழே போட்டது.
மூன்று வருடமாகத் தேடுகிறேன்.
கூட வேலை பார்க்கும் ஸெப்போவின் மேல் சந்தேகப்பட்டு
ஒரு குளிர்காலம் முழுக்க
அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
அதற்குப் பிறகு கதையை விட்டுவிட்டு
பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அம்மா அழும்போது இடப்பக்கம் இருந்தது,
கண்ணைத் துடைக்கும்போது வலப்பக்கம்.
யாரும் அதிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஓர் இளைஞன் எழுந்தான்.
"இது உங்கள் குடும்பமா?"
அஹ்தி மைக்கை இரண்டு தட்டு தட்டினான்.
"இல்லை. எல்லாம் கற்பனை."
முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கற்பனை
கைப்பையைத் திறந்து மூடியது.

வெளியே படிக்கட்டில்
மழை பாதி, பனி பாதியாக விழுந்துகொண்டிருந்தது.
"எப்படி?" என்றான்.
நன்றாக இல்லை என்பது அவனுக்கே தெரியும்,
சிறுவயதில் பொய் சொல்லிவிட்டு
காதைச் சொறிவான், இப்போதும் சொறிந்தான்.
"பிளாஸ்க் நன்றாக நடித்தது" என்றேன்.

உள்ளே ஓடி, படச் சாமான் பெட்டியைக் குடைந்து
கொண்டுவந்து நீட்டினான்.
மூடி வேறு, சிவப்பு.
"பழைய மூடி தொலைந்துவிட்டது."
"ம்."

டிராமில் திறந்து முகர்ந்தேன்.
யாரோ எலுமிச்சைத் தேநீர் ஊற்றி வைத்திருந்திருக்கிறார்கள்.
நாளைக்கு ஸெப்போவிடம் என்ன சொல்வது என்று
உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன்.
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்,
மூன்றும் தேறவில்லை.
ஒவ்வொரு முறை வசனம் முடிந்ததும்
திரும்பி
ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன்.