எண்ணுபவள்

பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட்.
பழுதான சில்லுகளை
லென்சுக்கடியில் எண்ணுபவள் நான்.
என்னை எண்ணியது பெரிய ஆஸ்பத்திரி:
தட்டணு ஒன்பதாயிரம்.

கெண்டைக்காலில் சிவப்பு ரவை தூவிய மாதிரி.
பல் துலக்கினால் பேசினில் மருதாணி.
பெர்மிட் கேட்டுப் பிடிக்கிறதாம்
என் காவலே என் தட்டணுவை.

மாத்திரையில் முகம் உப்பியது.
தட்டணு ஏறியது, கொழுப்பும் ஏறியது,
ஒரே பெர்ரியில்
முறைத்துக்கொண்டு நிற்கும் சம்பந்திகளாய்.
‘இது இறங்கணும், அது இறங்கக்கூடாது’
என்றார் டாக்டர் ஊய்.

மூன்று மணி இடைவேளை.
நோர்ஹயாத்தி நீட்டிய ரொட்டி சானாயை
டிஷ்யூவில் ஒற்றுகிறேன்,
காகிதம் கண்ணாடியாகிறது.

நேற்று மேசையில் இடித்த முட்டி
இன்னும் நீலம் பாரிக்கவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
கழிவறைக்குப் போய்ப் போய்
கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்து வருகிறேன்.
நாலு தடவை ஆச்சு.