நாலு எண்ணும்வரை

வியாழக்கிழமைகளில் பாலர் பாடசாலை
பதினொன்றரைக்கு விட்டுவிடும்.
அதற்குப் பிறகு அந்தக் கதிரைகள் எங்களுக்கு.
முழங்கால் நெஞ்சில் முட்ட இருக்கிறோம்
சிவப்பில், மஞ்சளில், கால் உடைந்த ஒரு பச்சையில்.
சுவரில் ஆனாவுக்கு அணில்,
ஈயன்னாவுக்கு ஈ.

கட்டைபறிச்சான் ஆட்கள் ஐந்து பேர்,
தோப்பூரிலிருந்து மூவர்,
சம்பூரிலிருந்து நான் ஒருத்தி.
வரவு இடாப்பில் ஒரு கையெழுத்து,
அதற்கு ஒரு பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட்.
கனகசிங்கத்தார் பிஸ்கட்டுக்காகத்தான் வருவதாகச் சொன்னார்.
ஒருவரும் மறுக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து வரும் பிள்ளை, வினோதினி,
மடியில் நீலமட்டைக் கைநூல் வைத்திருப்பாள்.
"கண்ணை மூடுங்கோ" என்பாள்.
நாங்கள் மூடுவதில்லை,
பாதிக் கண்ணால் கதவைப் பார்த்திருப்போம்.
அவளுக்கும் அது தெரியும்.

நாலாம் கிழமை மூச்சுப் பயிற்சி.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று உள்ளே,
நாலு எண்ணும்வரை வைத்திரு,
பிறகு நாலு எண்ணி வெளியே.
மூன்றில்
தவமலர் எழும்பிப் போனாள்.
சின்னக் கதிரை அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டு
வாசல்வரை போய் விழுந்தது.
அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"எனக்கு எண்ண ஏலாது பிள்ளை.
அங்கால குத்துற சத்தம் கேட்டா
எண்ணத் தொடங்குவம்.
பதினெட்டெண்டா வயலுக்க விழும்.
பதினைஞ்செண்டா பள்ளிக்கூடத்தடி.
பிள்ளையளையும் எண்ணப் பழக்கினனான்,
பயம் தெரியாமல் இருக்கட்டுமெண்டு.
சின்னவன் பதினொண்டு சொன்னவன்.
பன்னிரண்டு சொல்லேல்ல."

வெயில். பப்பாசி மரத்தில் ஒரு காகம்.

ஹப்சா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
"நாங்களும் எண்ணினதான்" என்றா.
"பள்ளிக்குள்ள இருந்து.
எங்களுக்கு வந்தது மத்தப் பக்கத்தால."

மத்தப் பக்கம் என்றால்
என் தம்பி நின்ற பக்கம்.
அவன் பெயரை நான் அந்த அறையில் சொன்னதில்லை,
அன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணிக் கோப்பையைக் கட்டில் வைத்தேன்.
வைத்த சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

வினோதினி கைநூலைத் திறந்தாள்,
மூடினாள்.
"அப்ப எப்பிடிச் செய்வம்?" என்று
எங்களைப் பார்த்துக் கேட்டாள்.
எங்களை ஒருவர் அப்படிக் கேட்டு
எத்தனை வருசம்.
முகாமில் கேட்டார்கள்
எத்தனை பேர், எந்தத் திகதி,
மரணச் சான்றிதழ் உண்டா இல்லையா.

"வாளி" என்றார் கனகசிங்கத்தார்
வாயில் பிஸ்கட்டோடு.
"கப்பியில தண்ணி அள்ளேக்க
ஆர் எண்ணுறது?
வாளியை விடேக்க மூச்சை விடு.
இழுக்கேக்க எடு.
அவ்வளவுதானே."

முதலில் தவமலர்.
கயிறு ஓடியது, கப்பி கிறீச்சிட்டது,
அடியில் வாளி தண்ணீரைத் தொட்ட சத்தத்தில்
அவள் தோள் இறங்கியதை
நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.
பிறகு கனகசிங்கத்தார், பிறகு புவனேஸ்.
ஹப்சா உம்மாவுக்குக் கை நோவு,
பின்னால் நின்று நான் கயிற்றைப் பிடித்தேன்.
"உங்கட ஆக்கள் ஆரும்?" என்றா, திரும்பாமல்.
"ஒருத்தன்" என்றேன்.
வாளி பாதிக் கிணற்றில் நின்றது.
பிறகு அவ இழுத்தா,
நானும் இழுத்தேன்.

அள்ளிய தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல்
பப்பாசிக்கு ஊற்றினோம், ஊற்றினோம்,
முற்றம் சேறானது.
கதிரை ஒட்டிய கதையை அப்போதுதான்
தவமலரே தொடங்கினாள்.
சிரித்தோம். புவனேசுக்கு விக்கல் வந்தது.
மறுநாள் பாலர் ஆசிரியை
எங்களுக்கு ஏசினதாகக் கேள்வி.

கைநூலில் நாலு என்ற எண்ணை
வினோதினி பேனாவால் வெட்டினாள்.
'முன்னேற்றம்' என்ற கட்டத்தில்
என்ன எழுதினாளோ தெரியாது.

இரவில் இப்போதும் எனக்கு எண்ணிக்கை வருகிறது,
இறால் பண்ணைப் பக்கம் யாரும் வெடி கொளுத்தினால்.
ஏழு, எட்டு.
சில நாள் எட்டில் வாளியை நினைக்கிறேன்.
சில நாள் முடிவதில்லை.

அடுத்த வியாழன் தவமலர் வரவில்லை.
அதற்கடுத்த வியாழன் வந்தாள்,
தோளில் புதுக் கயிற்றுச் சுருளோடு.
பள்ளிக்கூடத்துக் கயிறு
நைஞ்சுபோச்சாம்.