திறப்பு

இரவு எட்டரைக்குச் செருப்பைக் கழற்றினால்
வாரின் தடம் மட்டும் கழராமல் கிடக்கும்.
கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் அழுத்துவேன். குழி.
எண்ணுவேன்.
பதினொன்றில்தான் தசைக்குத் தன் நினைவு வரும்.

கல்முனைப் பிரதான வீதி, இரண்டு மாடிப் புடவைக்கடை.
சாரிப் பக்கம் நான், அபாயாப் பக்கம் சிறாஜியா.
வாங்க வருகிறவர்களுக்கு மெத்தைக் கதிரை.
சேலை சுற்றிய பொம்மைக்குக்கூட
இடுப்பில் ஒரு கம்பி முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம், சலம், பிரஷர் எல்லாம் பார்த்தார்கள்.
"பயப்பட ஒண்டுமில்ல. கனநேரம் நிக்காதீங்க."
துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன்,
வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் போல.

மறுகா ஒருநாள்
மருதமுனையில் பஸ் ஏறிய சிறாஜியா
(பஸ்ஸிலும் நின்றுதான் போவோம்)
என் கையில் ஒரு பிளாஸ்க்கைத் திணித்தாள்.
"தேங்காய்ப்பூக்கீரை கா. வேலியோரம் புடுங்கினது.
வேரோட கழுவிக் காயவெச்சு
வெள்ளாப்புல அவிச்சன். சீனி போடாத."

முதல் மிடறில் நனைந்த வைக்கோல்.
அடுத்ததில் மண்.
பிறகு பனங்கட்டி ஒரு கடி, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு அது வேலையைக் காட்டிற்று.

கழிப்பறைத் திறப்பு மனேஜரின் லாச்சிக்குள்.
கேட்டுத்தான் வாங்கவேண்டும்.
நாளுக்கு ஒருதரம் கேட்கவே கூசின நான்
ஆறு தரம் கேட்டேன். சிறாஜியா ஏழு.
அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து,
"தண்ணிய கொஞ்சம் குறைங்க புள்ளயள்" என்றார்.

உள்ளே கொண்டியைப் போட்டு,
வந்த காரியம் முடிந்த பிறகும்
மூடியைத் தாழ்த்தி அதன் மேல் இருந்தேன்.
எதிர்ச்சுவரில் இரண்டு காலையும் உயர்த்தி வைத்தேன்.
பைப் சொட்டியது. ஒரு பல்லி.
வெளியே ஒலிபெருக்கி, பெருநாள் கழிவு, ஐம்பது வீதம்,
ஐம்பது வீதம்.
கெண்டைக்காலுக்குள் அடைந்து கிடந்த ஏதோ
மெல்ல எழும்பி வந்த வழியே நடந்தது.

பத்தாம் நாள் இரவு அழுத்திப் பார்த்தேன்.
நாலு எண்ணுமுன் குழி நிரம்பிவிட்டது.

"பாத்தியா கா, கீரைட வேலைய!"
தலையாட்டினேன்.
ஆறு தரம், தரத்துக்கு ஐந்து நிமிடம்
என்று வாய்க்குள் பெருக்கிக்கொண்டே.
அவளும் சுவரில் கால் வைப்பாளா என்று கேட்கவில்லை.
சுவரில் என்னுடையது அல்லாத
ஒரு குதிக்கால் அழுக்கு இருந்தது.

இப்போது ஐந்து பிளாஸ்க்.
சிறாஜியாவின் வேலியோரம் மொட்டையாகிவிட்டது,
கடற்கரைப் பக்கம் போய்ப் பிடுங்குகிறாள்.

நேற்று மனேஜர் திறப்போடு
ஒரு கொப்பியையும் கட்டித் தொங்கவிட்டார்.
பெயர். போன நேரம். வந்த நேரம். காரணம்.

சிறாஜியா பேனையை உதறி உதறி
கடைசிக் கட்டத்தில் எழுதினாள்:
கால்.

அதற்குக் கீழே நான்
இரண்டு சின்னக் கோடு இழுத்தேன், மேற்படி.